நாய்ச் சோறும் சொசைட்டி கணக்கும்

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியைச் சுற்றித் திரியும் நாய்களுக்குச் சோறு வைப்பவர்கள் எல்லோரும் பெண்கள். நான், கீழ் வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி, எதிர் பிளாக்கில் தனியாக இருக்கும் ஒரு நர்ஸ். காசிப்பூர் கோழிச் சந்தையில் கோழிக்கால் வாங்கி, நொய்யரிசியும் மஞ்சளும் போட்டுக் குழைய வேகவைத்து, ஆள் நடமாட்டம் அடங்கியதும் பின்கேட் பக்கம் கொண்டுபோவோம். வசவு விழுவதும் அந்த நேரத்தில்தான். வீட்டில் வேறு வேலை இல்லையா, பெற்ற பிள்ளைகளை இப்படிப் பார்த்துக்கொள்கிறாயா என்று என்னிடம். காலாகாலத்தில் கல்யாணம் ஆகியிருந்தால் இப்படி அலைய வேண்டாம் என்று அந்த நர்ஸிடம்.

எனக்கு முடியாத நாட்களில் என் வீட்டுக்காரர் அதே சட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். அவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, "பெரிய புண்ணியம் சார்" என்றே சொல்லிவிட்டுப் போனாராம்.

விலங்கைப் பார்த்துக்கொள்வது பொம்பளை வேலை என்று முடிவாகிவிட்டது. அதனால் சமையலுக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் என்ன மரியாதையோ அதே மரியாதைதான் இதற்கும். அந்த வேலையைக் கணக்கில் எடுக்காதவர்கள், அந்த உயிரை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா?

ஆண் பிள்ளைகளை நாம் வளர்க்கும் விதத்தை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தீபாவளிக்கு ஒரு பையன் நாயின் மேல் சரவெடியைக் கொளுத்திப் போட்டான். அவன் அம்மா, நம் ஊர்க்காரர்தான், "பசங்கன்னா அப்படித்தானே இருப்பாங்க" என்று முடித்துக்கொண்டார். அவன் தங்கை மொட்டை மாடியில் குருவிக்குத் தண்ணீர் வைக்கிறாள். அது மட்டும் அவளுக்கு "பொண்ணுங்களுக்கே உரிய இளகின மனசு" ஆகிவிடுகிறது. எங்கள் இரவுக் காவலாளி தன் ரொட்டியில் பாதியை ஒரு கிழட்டு நாய்க்குப் பிய்த்துப் போடுவார். மற்ற காவலாளிகளிடம் சொல்லிவிடாதீர்கள் அக்கா, கேலி செய்வார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டது இன்னும் எனக்கு உறுத்துகிறது. இரக்கப்படுவதற்கு ஒரு மனிதர் ஏன் ஒளிய வேண்டும்?

குட்டிகளுக்கு வீடு தேடும்போது வேறொன்று தெரியும். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "ஆணா, பெண்ணா?" ஆண் குட்டிகள் போய்விடும். பெண் குட்டிகள் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும். கருத்தடை ஆபரேஷன் செய்தால் குட்டி போடாது என்று நாங்கள் விளக்கி முடிப்பதற்குள், "பெண் என்றால் தொல்லை" என்று நகர்ந்துவிடுவார்கள். கேட்டுக்கேட்டுப் பழகிய பேச்சு, இப்போது நாய்க்குட்டிக்கும் வந்திருக்கிறது.

சட்டத்துக்கு வருகிறேன். மாநிலங்களவையில் இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. ஆனால் அந்தச் சட்டத்தில் வதைக்கு முதல் முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இன்றும் அதே தொகை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ ஐந்து ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது, அது நல்லது. ஆனால் பழைய சட்டத்தின் 377ஆம் பிரிவைத் தூக்கியதோடு, விலங்குகள் மீதான பாலியல் வன்முறைக்கும் ஆண்கள் மீதான வன்புணர்வுக்கும் அதில் இருந்த தண்டனையும் சேர்ந்து போய்விட்டது. ஆணுக்கு அப்படி நடக்காது, விலங்குக்கு நடந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம் இருந்தால்தான் இரண்டையும் இப்படி விட முடியும்.

நாய்க்கடிக்குப் பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. குழந்தை உள்ள வீட்டின் பயம் நியாயமானது. ஆனால் ரேபிஸை அடக்க ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட வேண்டும். வண்டியையும் வலையையும் கண்டால் நாய்கள் சிதறி ஓடும். சோறு போடுகிற கைக்குத்தான் வரும். ஊசி போடும் நாளில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பிடித்துக் கொடுக்க உதவுவது, எங்களைத் திட்டு வாங்கவைக்கும் அதே சோறு வைக்கும் பழக்கம்தான். 2025 ஆகஸ்ட் 11இல் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் முடிந்தவற்றை, வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர, அதே இடத்தில் விடச் சொன்னது. குறித்த இடத்தில் மட்டுமே சோறு வைக்க வேண்டும் என்றும் சொன்னது. அப்புறம்தான் எங்களை செல்போனில் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். குறித்த இடம் எது என்று கேட்டால் பதில் இல்லை. சொசைட்டி வளாகத்துக்குள் வாழும் நாய்களுக்குச் சோறு வைக்க ஏற்பாடு செய்வது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்று தெருநாய்க் கருத்தடை பற்றிய மத்திய அரசின் 2023 விதிகளே சொல்கின்றன.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை எழுத்தில் கேட்கப்போகிறேன். சோற்றுக்கும் ஊசிக்கும் ஆகும் செலவு பராமரிப்புக் கணக்கில் ஒரு வரியாக வர வேண்டும். இடத்தை வரைபடத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும். சோறு வைக்கும் முறைப்பட்டியலில் ஆண்கள் பெயரும் இருக்க வேண்டும். முதல் பெயராகத் தன்னுடையதைப் போடச் சொல்லியிருக்கிறார் என் வீட்டுக்காரர். இரண்டாவதாக அந்தக் காவலாளியின் பெயரை, அவர் சம்மதித்தால், எழுதுவேன்.