அக்குளில் 14 கணுக்கள்

மார்ச் 3

நோய்க்குறியியல் படிப்பில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்த மாதம் எனக்கு மார்பக மாதிரிகள். முதல் நாளே, மார்பகப் புற்று அறுவையில் எடுத்த அக்குள் கொழுப்பு முழுவதும் மேசைக்கு வந்துவிட்டது. ஃபார்மலினில் ஊறிய மஞ்சள் கொழுப்பை விரல் நுனியால் நசுக்கிக்கொண்டே போக வேண்டும். கொழுப்பு வழுகி ஓடும், நிணநீர்க் கணு ஓடாமல் நிற்கும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் "நெறி கட்டியிருக்கு" என்கிறோமே, அதே நெறிதான். சில பயறு அளவு, சில அவரை விதை அளவு. இரண்டு மணி நேரத்தில் 14 தேறின.

ஒவ்வொன்றையும் 2 மி.மீ. கனத்தில் நறுக்கச் சொன்னார் மேடம். அதைவிடப் பெரிய புற்றுப்படிவு இருந்தால் ஏதாவது ஒரு துண்டில் கட்டாயம் சிக்கும் என்பது கணக்கு. முதுகு வலிக்கிறது.

மார்ச் 5

ஸ்லைடுகள் வந்தன. முதலில் கட்டியிலிருந்து மிகத் தள்ளி எடுத்த கணுவைப் பார்த்தேன். புற்றைத் தேட அல்ல, ஒழுங்கான கணு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க.

வெளியே மெல்லிய உறை. உறைக்கு அடியிலேயே ஒரு குறுகிய வாய்க்கால். மார்பகத்திலிருந்து வரும் நிணநீர் பல குழாய்கள் வழியாக முதலில் இதில்தான் கொட்டுகிறது. அதற்குக் கீழே பி அணுக்களின் உருண்டைத் திரள்கள், அதற்கும் உள்ளே டி அணுக்களின் பகுதி. இரண்டும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள். ஒரு பக்கத்தில் ஹைலம் என்கிற குழிவு. வடிந்த நிணநீர் அங்கிருந்துதான் வெளியே போகிறது. வெள்ளிச் சாயம் போட்ட துண்டில் இன்னொன்றும் தெரிந்தது: கணு முழுக்க நூல் நூலாக ஒரு வலை. அந்த நூல்களைப் போர்த்தியிருக்கும் வலையணுக்கள்தான் டி அணுக்களுக்கு "இந்தப் பக்கம் வா" என்று வேதிச் சைகை கொடுக்கின்றன. படிப்பில் சேர்ந்த புதிதில் கணு என்றால் எனக்கு ஒரு வடிகட்டி மட்டும்தான். வடிகட்டிக்குள் இத்தனை அறைகள் இருக்கும் என்று நினைத்ததில்லை.

மார்ச் 6

அசட்டுத்தனம் செய்துவிட்டேன். இது வேறொரு நோயாளியின் காவல் கணு, அதாவது கட்டியின் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணு. மார்பகத்தில் நீலச் சாயம் செலுத்தி அதைக் கண்டுபிடிக்கலாம் என்று 1994-இல் ஜியூலியானோ குழுவினர் எழுதினார்கள். நோயாளிக்கு இருந்தது லோபுலார் வகைப் புற்று, அணுக்கள் ஒட்டாமல் தனித்தனியாகப் பரவும் மார்பகப் புற்று. வாய்க்காலில் பெரிய, வெளிறிய அணுக்கள் கொத்தாக நின்றதும் "மேடம், பாசிட்டிவ்" என்று கத்தியேவிட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஹிஸ்டியோசைட்" என்ற ஒரே வார்த்தையோடு தேநீர் குடிக்கப் போனார். கழிவுகளை விழுங்கும் நம்முடைய சொந்த அணுக்களாம்.

திரும்பி வந்ததும், "லோபுலார் வகையில் தலைகீழாகவும் நடக்கும். புற்றணுவே ஹிஸ்டியோசைட் மாதிரி உட்கார்ந்திருக்கும்" என்றார். அந்தக் கணுவுக்குச் சைட்டோகெராட்டின் சாயம் கேட்டு எழுதிவைத்தேன். புற்றணுவைப் பழுப்பாகக் காட்டும், ஹிஸ்டியோசைட்டைக் காட்டாது.

மார்ச் 9

இன்று மனதில் நின்ற விஷயம் இது. அந்த 14 கணுக்களில் 11-இல் புற்று இல்லை. ஆனால் அந்தப் பதினொன்றும் ஒன்றுபோல் இல்லை. தள்ளி இருந்தவை அமைதியாக இருக்கின்றன. கட்டிக்குப் பக்கத்தில் இருந்தவற்றில் பி அணுத் திரள்கள் பருத்து, நடுவில் வெளிறிய மையங்கள். வாய்க்கால்கள் அகன்று, முழுக்க ஹிஸ்டியோசைட்கள். நிணக்குழாய்களும் கூடுதலாகத் தெரிகின்றன.

கட்டியிலிருந்து வரும் நிணநீரில் அணுக்கள் வராவிட்டாலும் அது சுரக்கும் புரதங்கள் வருகின்றன. விஇஜிஎஃப்-சி என்ற புரதம் நிணக்குழாய்களை வளர்க்கக்கூடியது. புற்றணு வந்து சேரும் முன்பே கணுவுக்குள் நிணக்குழாய்கள் பெருகுவது எலிகளில் காட்டப்பட்டிருக்கிறது. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் கணுவுக்குள் நுழையும் சிறப்பு நாளங்களும் மாறுகின்றன. அவற்றின் சுவர் அணுக்கள் வழக்கமாகக் குண்டுக் குண்டாக இருக்கும். அவை தட்டையாகி, நாளம் அகன்று, உள்ளே சிவப்பணுக்கள் தேங்கி நிற்கும். காவலாளிகள் வர வேண்டிய வாசல் சாதாரண ரத்தக்குழாய் ஆகிவிடுகிறது.

சரி, இதை வைத்து யாருக்கும் நோய் சொல்ல முடியாது. கையில் ஒரு புண், ஒரு தடுப்பூசி, முன்பு எடுத்த பயாப்ஸி, எதற்கும் கணு இப்படிப் பருக்கலாம். அறிக்கையில் "ரியாக்டிவ்", அதாவது ஏதோ ஒரு தூண்டலுக்கு எதிர்வினை, என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுகிறோம். எனக்கு அது கொஞ்சம் சோம்பேறித்தனமாகப் படுகிறது. மேடத்திடம் சொல்லவில்லை.

மார்ச் 10

வேலை அதிகம். ஒன்றும் எழுத முடியவில்லை.

மார்ச் 13

மீதி மூன்று கணுக்கள். சின்னதில் புற்று உறைக்கு அடியிலுள்ள வாய்க்காலோடு நிற்கிறது, வந்து இறங்கிய இடத்திலேயே. அடுத்ததில் அங்கிருந்து உள்ளே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. பி அணுத் திரள்கள் நசுங்கி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, டி அணுப் பகுதி பாதி காணோம். பெரியதில் கணு என்று சொல்ல உறை மட்டும்தான் மிச்சம். உள்ளே புற்றுத் திட்டுகள், இடையிடையே தழும்பு போன்ற கொலாஜன். 5-ஆம் தேதி பார்த்த வலையை வெள்ளிச் சாயத்தில் தேடினேன். அங்கங்கே கிழிந்த துணுக்குகள்தான். ஓர் இடத்தில் உறையையும் உடைத்துக்கொண்டு புற்று வெளிக் கொழுப்புக்குள் இறங்கிவிட்டது. அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

இப்படி முழுக்க அடைத்துப்போன கணுவுக்குள் நிணநீரும் சரியாகப் போகாது, வேறு வழி தேடிக்கொள்ளும். அறுவை அரங்கில் நீலச் சாயம் சில சமயம் நோயுள்ள கணுவை விட்டுவிட்டுப் பக்கத்துக் கணுவுக்குப் போவது இதனால்தான். இது பாடத்தில் படித்ததுதான். ஸ்லைடைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

2018-இல் வந்த இரண்டு எலி ஆய்வுகளையும் இரவு படித்தேன். கணுவுக்குள் வந்த புற்றணுக்கள் அங்குள்ள ரத்த நாளங்களுக்குள்ளேயே புகுந்து நுரையீரலுக்குப் போயிருக்கின்றன.

மார்ச் 16

கதிரியக்கத் துறையோடு கூட்டம். அந்த 14 கணு நோயாளியின் அல்ட்ராசவுண்ட் படத்தைப் போட்டார்கள். நல்ல கணு அவரை விதை வடிவில், நடுவில் வெள்ளையாகக் கொழுப்பு ஹைலமும் சுற்றி மெல்லிய புறணியுமாகத் தெரியும். புறணி 3 மி.மீ.-ஐத் தாண்டினால் சந்தேகப்படுவார்கள். ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தால் இன்னும் அதிகமாக. இவருடைய பெரிய கணு உருண்டையாக இருந்தது, ஹைலமே இல்லை, ரத்த ஓட்டம் ஓரத்திலிருந்து உள்ளே போனது. 13-ஆம் தேதி ஸ்லைடு கண்முன் வந்து நின்றது.

மார்ச் 18

லோபுலார் நோயாளியின் சைட்டோகெராட்டின் சாயம் வந்தது. நான் கத்திய கொத்தில் பழுப்பு நிறமே இல்லை, ஹிஸ்டியோசைட்தான். ஆனால் கணுவின் எதிர்ப்பக்கம், உறைக்கு அடியில், ஏழெட்டு அணுக்கள் பளிச்சென்று பழுப்பாக. பழைய ஸ்லைடில் அதே இடத்தைப் பார்த்தேன். தெரிந்த பிறகும் தெரியவில்லை.

"அளந்தியா?" என்றார் மேடம்.

0.15 மி.மீ. 0.2-ஐத் தாண்டினால் நுண்படிவு, 2-ஐத் தாண்டினால் பெரும்படிவு. இது இரண்டுக்கும் கீழே, தனித்த புற்றணுக்கள். அறிக்கையில் கணு நிலை பூஜ்யம் என்றே போகும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு "ஐ பிளஸ்", தனித்த அணுக்கள் உண்டு என்பதற்கான குறி.

கையெழுத்துக்கு அனுப்பும் முன் மறுபடியும் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். 0.15 தான்.