எனக்கு வாக்கில்லை என்று சொன்ன நாள்

சுவிஸில் ஆண்டுக்கு நான்கு தடவை வரை வீட்டுக்கு ஒரு தடித்த கடித உறை வரும். உள்ளே வாக்குச்சீட்டு, வாக்காளர் அட்டை, மத்திய அரசு அச்சிட்ட சிவப்பு நிற விளக்கக் கையேடு எல்லாம் இருக்கும். எங்கள் ஆட்கள் இதை 'அப்ஸ்டிமுங்' என்று ஜெர்மன் சொல்லாலேயே சொல்வார்கள். ஆளைத் தெரிவு செய்யும் தேர்தல் இல்லை இது. ஒரு கேள்வி கேட்பார்கள், ஆம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். 18 மாதங்களுக்குள் 1,00,000 குடிமக்களின் கையெழுத்தைச் சேர்த்தால் அரசியலமைப்பையே மாற்றும்படி நாட்டைக் கேட்கலாம். 2018இல் மாட்டுக்குக் கொம்பை விட்டுவைக்கும் விவசாயிக்கு உதவிப்பணம் கொடுப்பதா என்றுகூட வாக்கெடுப்பு நடந்தது.

நான் 1999இல் கல்யாணமாகி பேர்ணுக்கு வந்தேன். குடியுரிமை கிடைத்தது 2014இல். முதல் உறை வந்தபோது இவர் அதை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டார். "எங்களுக்கு ஏன் இந்த வேலை? வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கருத்துச் சொன்னதற்காக ஆட்கள் காணாமற்போன காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். மின்கம்பத்தில் கட்டப்பட்ட உடலைக் கடந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு, ஒரு கேள்விக்கு 'இல்லை' என்று எழுதுவது சின்ன விஷயமில்லை.

என்னை மாற்றியவர்களில் ஒருவர் எங்கள் கட்டிடத்து மூன்றாம் மாடி அம்மையார். 1942இல் பிறந்தவர். இந்த நாட்டில் பெண்களுக்கு மத்திய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971 பெப்ரவரி 7ஆம் திகதிதான். 1959இல் இதே கேள்வியைக் கேட்டபோது ஆண்கள் மூன்றில் இரண்டு பங்குப் பேர் மறுத்துவிட்டார்கள். இலங்கையில் 1931இலேயே பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது என்று சொன்னேன். (அந்தத் தேர்தலை யாழ்ப்பாணம் புறக்கணித்தது வேறு கதை.) அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் உன் பாட்டி என் அம்மாவை விட முந்தியவள். நீ ஏன் கடிதத்தைக் குப்பையில் போடுகிறாய்?" என்று கேட்டார்.

ஆனால் என்னை உண்மையில் உறுத்தியது அதற்கும் முந்திய ஒன்று.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெனீவாவில் ஐ.நா.வுக்கு முன்னால் எங்கள் சனம் கூடி நின்ற நாட்களில், ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு நானும் போய் நின்றேன். வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. "உலகமே, ஏன் பேசாமல் இருக்கிறாய்" என்று தொண்டை கட்டும் வரை கத்தினோம். அதே ஆண்டு நவம்பர் 29இல் இங்கே ஒரு வாக்கெடுப்பு. புதிதாகப் பள்ளிவாசல் மினாராக்கள் கட்டுவதைத் தடை செய்வதா என்பது கேள்வி. அப்போது நாடு முழுவதிலும் இருந்த மினாராக்கள் நான்கே நான்கு. பிரசாரச் சுவரொட்டியில் சுவிஸ் கொடியின் மேல் கறுப்பு மினாராக்கள் ஏவுகணைகள் போல நிற்கும், பக்கத்தில் முகம் மூடிய ஒரு பெண்.

நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் பொஸ்னியப் பெண் ஒருவர் என்னோடு ஒரே ஷிப்டில் இருந்தார். ஒரு நாள் போர்வை மடித்துக்கொண்டிருக்கும்போது, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார். "எனக்கு வாக்கில்லை" என்றேன். உண்மைதான், அப்போது எனக்கு வாக்கில்லை. ஆனால் அவர் கேட்டது வாக்கை அல்ல. போர்வையின் மற்ற முனையை என் கையில் தந்துவிட்டு அவர் வேறு ஏதும் பேசவில்லை. 57.5 சதவீதம் பேர் 'ஆம்' என்று எழுதி, தடை வந்தது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

அன்று இரவு எனக்கு ஞாபகம் வந்தது 1990 ஒக்டோபர். எனக்குப் பதினான்கு வயது. யாழ்ப்பாணத்தில் சோனகத் தெரு, ஐந்து சந்திப் பக்கத்து முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னது விடுதலைப் புலிகள் இயக்கம். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விரட்டப்பட்டார்கள். எங்கள் பள்ளிச் சட்டைகளைத் தைப்பவர் ஒரு முஸ்லிம். என்னுடைய வெள்ளைத் துணி அவரிடம் இருந்தது. இரண்டு நாள் கழித்து அம்மா போய்ப் பார்த்தபோது கடை பூட்டிக் கிடந்தது. வீட்டுக்கு வந்து துணி போய்விட்டதே என்று கவலைப்பட்டார். துணியைப் பற்றிப் பேசினோம். தையற்காரர் எங்கே போனார், பிள்ளைகளோடு எப்படி நடந்தார் என்று எங்கள் வீட்டில் ஒரு சொல் வரவில்லை. பயம் ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது.

அதனால் 2021 மார்ச் 7 வாக்கெடுப்புக்கான உறை வந்தபோது நானே பிரித்தேன். மூன்று கேள்விகள். மின்னணு அடையாளச் சட்டம், இந்தோனேசியாவோடு வர்த்தக ஒப்பந்தம், பொது இடத்தில் முகத்தை மூடுவதற்குத் தடை. மூன்றாவதைக் கொண்டுவந்தவர்கள் மினாரா தடையைக் கொண்டுவந்த அதே குழுவினர். கொரோனா காலம், எல்லாரும் முகக்கவசத்தோடு திரிந்துகொண்டிருந்தோம்.

மகளுக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது. 'ஆம்' என்றாள். "அம்மா, பெண்ணை முகத்தை மூடச் சொல்வதே அநியாயம். அதை நான் எப்படி ஆதரிப்பது?" என்று கேட்டாள். அவளுடைய கேள்வியில் நியாயம் இருந்தது. எனக்கும் நிகாப் பிடிக்காது. ஆனால் இந்த நாட்டில் அதை அணிபவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சில பெண்கள். அவர்களைக் காப்பாற்ற அவர்களுக்கே தண்டப்பணம் விதிப்பதை என் மனம் ஏற்கவில்லை. கட்டாயப்படுத்தப்பட்ட பெண் இதற்குப் பிறகு வீட்டை விட்டே வெளியே வர முடியாமல் போவாள். அதைவிட, ஒரு சிறு கூட்டத்தைச் சுட்டிக்காட்டி ஊரே கை தூக்குவது எனக்கு வேறொன்றை நினைவுபடுத்துகிறது. அன்றுதான் முதன்முறையாக மகளிடம் தையற்காரரைப் பற்றிச் சொன்னேன். இவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் 'இல்லை' என்று எழுதினேன். மகள் 'ஆம்' என்றே எழுதினாள். இவர் அந்தக் கேள்வியை மட்டும் வெறுமையாக விட்டார், வெற்று வாக்குக்கும் இங்கே இடமுண்டு. அவரவர் அட்டையில் அவரவர் கையெழுத்து. 51.2 சதவீதத்தால் தடை வென்றது. பேர்ண் மாநிலம் மறுத்திருந்தது. தோற்ற பக்கத்தில் இருந்தும் அன்று எனக்கு மனது லேசாக இருந்தது.

அதே ஆண்டு செப்டெம்பரில் ஒரே பாலினத்தவர் திருமணம் பற்றிய கேள்வி. கோயில் மண்டபத்தில் நெருங்கிய சிநேகிதி ஒருவர், "நீங்கள் 'ஆம்' போடப்போறீங்களாம், உண்மையோ அக்கா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் பிறகு எட்டு மாதம் தொலைபேசி எடுக்கவில்லை. அந்த எட்டு மாதம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போது பேசுகிறோம், அந்த விஷயத்தில் இருவரும் மாறவில்லை.

முகம் மூடும் தடை 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மகள் இப்போது சூரிச்சில் இருக்கிறாள். அந்த வாரம் தொலைபேசியில், "அம்மா, அந்தத் தையற்காரருடைய பேர் என்ன?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. 'நானா' என்றுதான், அண்ணா என்ற பொருளில், கூப்பிடுவோம்.

ஊருக்கு எடுத்து அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நெடுநேரம் யோசித்தார், பின்னால் எங்கோ சேவல் கூவுவது கேட்டது.

"பேர் வருகுதில்லை பிள்ளை" என்றார். "உன்ர துணி இரண்டே கால் யார் நீளம்."