வாடாத கொழுந்தும் காயாத வேர்வையும்

கொழும்பின் புழுக்கத்தைப் பற்றி எங்களைப் போன்ற கொழும்புக்காரரிடம் கேட்டால் சரியான பதில் வராது. நாங்கள் அதிலேயே ஊறிப் போனவர்கள். காலையில் ஒரு குளிப்பு, பொழுதுபட ஒரு குளிப்பு, கைப்பையில் ஒரு சின்னத் துவாய், விடிய விடிய ஃபேன். "இன்றைக்குக் கொஞ்சம் அவிச்சல்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அதன் முழுப் பாரமும் மலையிலிருந்து இறங்கி வந்து கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். சித்திரைப் புத்தாண்டுக்கு, மலையகத்து ஹட்டனில் இருக்கும் சினேகிதி வீட்டுக்குப் போன பயணத்தில் இதை நன்றாகவே உணர்ந்தேன்.

ஏப்ரல் கொழும்புக்குப் பொல்லாத மாதம். மாதத் தொடக்கத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் என்பதால் காற்றும் பெரிதாக அசையாது. பக்கத்திலிருக்கும் கடலே 30 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, ஓயாமல் ஈரத்தை ஊருக்குள் அனுப்பிக்கொண்டிருக்கும். வெப்பமானி என்னவோ 32 என்றுதான் காட்டும். ஆனால் ஈரப்பதன் 70 சதவீதமாக இருந்தால் உடம்பு அதை 41 பாகைபோல உணரும். வளிமண்டலவியல் திணைக்களம் இந்த மாதங்களில் விடும் வெப்ப எச்சரிக்கையும் உடம்பு உணரும் இந்த வெப்பத்தை வைத்துத்தான். இரவானாலும் 25ஐ ஒட்டித்தான் நிற்கும். சாடியில் உப்பு கட்டிபட்டுக் கிடக்கும், திறந்து வைத்த பிஸ்கட் நமத்துப் போகும், அலுமாரிக்குள் தோல் சப்பாத்தில் பூஞ்சணம் பூத்திருக்கும். பின்னேரம் இடியோடு மழை கொட்டினால் அப்பாடா என்றிருக்கும். மழை விட்டதும் தார் வீதியிலிருந்து ஆவி கிளம்பும், பழையபடி அவிச்சல்.

புறக்கோட்டையில் பஸ் ஏறினேன். பண்டிகைக் கூட்டம், நிற்கக்கூட இடமில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு தம்பி, புடவைக் கடையில் வேலை. வீட்டுக்கு வாங்கிய உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அவிசாவளை தாண்டும்வரை இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. யட்டியந்தோட்டை, கித்துல்கல என்று பாதை களனி கங்கையை ஒட்டிப் போகும். றப்பர் மரங்களும் ஆறுமாகக் கண்ணுக்கு அத்தனை குளிர்ச்சி. உடம்புக்கு அதில் ஒன்றும் இல்லை. கடற்காற்றும் எட்டாத, மலைக்காற்றும் இறங்காத பள்ளம் அது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, சாய்ந்தால் சீட்டோடும் ஒட்டியது.

கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் முக்கி முனகி ஏறத் தொடங்கியபோது ஜன்னலால் முதல் நல்ல காற்று வந்தது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை குறையும் என்று படித்திருக்கிறோம். படித்ததைத் தோல் சொல்லும் இடம் இந்த வளைவுகள்தான். கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது கழுத்திலேயே காய்ந்தது.

"இந்த ஏத்தம் வந்தாத்தான் அக்கா மூச்சே வருது" என்றான் தம்பி.

அப்புறம் அவனாகவே பேசினான். "வந்த புதுசுல காய்ச்சல்னு நெனச்சிட்டேன். கடைக்கு மேல ரூம்ல ஆறு பேரு. பாய் நனைஞ்சே கெடக்கும். நடுச்சாமத்துல எந்திரிச்சுக் குளிப்பேன், தொடைச்சு முடிக்கிறதுக்குள்ள திரும்ப வேர்த்துரும். முதுகெல்லாம் வேர்க்குரு. அம்மாகிட்ட போன்ல சொன்னா அழுவாங்கன்னு சொல்லவே இல்ல."

எனக்கு நெஞ்சு கனத்தது. நான் துணி வாங்கும் அதே தெருவில், நான் நடக்கும்போது தலைக்கு மேலே, இப்படி எத்தனை அறைகள்.

வட்டவளையைத் தாண்டி ஹட்டனில் இறங்கும்போது தூறல். ஏறக்குறைய 1270 மீற்றர் உயரம். போனை எடுத்துப் பார்த்தால் 18 பாகை, ஈரப்பதன் 90 சதவீதம் என்றிருந்தது. காலையில் கொழும்பில் பார்த்தது 75. அப்படியானால் இங்கேதானே அதிகம் புழுங்க வேண்டும்? ஈரம் இல்லாமலும் இல்லை. சினேகிதியின் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் துணி உலர்த்துகிறார்கள். மழைக்காலத்தில் ஒரு கம்பளி காய நாள் கணக்காகும். ஆனாலும் பிசுபிசுப்பே இல்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

இதற்கு விடை மறுநாள் கிடைத்தது. சினேகிதியின் அப்பாவுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. கொழுந்து வாட்டும் மேல்மாடிக்கு அழைத்துப் போனார். நீளமான கம்பிவலைத் தட்டுகளில் பச்சைக் கொழுந்து பரப்பியிருந்தது, அடியிலிருந்து விசிறி காற்றை ஊதியது. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தானாம். சுவரில் இரண்டு வெப்பமானிகள் பக்கம் பக்கமாக மாட்டியிருந்தன. ஒன்றின் குமிழில் சீலைத் துண்டு சுற்றி, அதன் நுனி ஒரு தண்ணீர்ப் புட்டிக்குள் தொங்கியது.

"இந்த ரெண்டுக்கும் இடையில எவ்வளவு வித்தியாசம்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்மா. காத்து காஞ்சிருந்தா ஈரச்சீலை சீக்கிரம் உலரும், அந்த மானி கீழ இறங்கிடும். ரெண்டும் ஒண்ணா நின்னுச்சுன்னா என்னதான் ஊதினாலும் கொழுந்து வாடாது. அப்போ காத்தக் கொஞ்சம் சூடாக்கி விடுவோம்."

"சூடாக்கினா வாடுமா மாமா? அப்படின்னா கொழும்புச் சூட்டுல வேர்வை ஏன் காய மாட்டேங்குது?"

மாமா சிரித்தார். "அங்க கடல் இருக்கே. சூடு ஏற ஏற அது தண்ணியும் சேர்த்துக் குடுத்துக்கிட்டே இருக்கும்ல."

அவ்வளவுதான் விஷயம். குளிர்ந்த காற்றால் கொஞ்ச ஈரத்தைத்தான் தாங்க முடியும், சதவீதம் அந்தத் தாங்கும் அளவில் எத்தனை பங்கு என்பதைத்தான் சொல்லும், அதனால் 90 சதவீதம் என்றாலும் அளவு சிறியது. ஹட்டனில் அன்று மாலை ஒரு கன மீற்றர் காற்றில் இருந்திருக்கக்கூடிய நீராவி சுமார் 14 கிராம். 30 பாகையும் 75 சதவீதமும் உள்ள கொழும்புக் காற்றில் அது 23 கிராமுக்குக் கிட்ட வரும். வேர்த்த உடம்பும் அந்த ஈரச்சீலை மாதிரிதான், அந்த மானி காட்டும் அளவுக்குக் கீழே அது குளிராது. தோலின் சூடு 35 பாகைக்கு அருகில். ஈரச்சீலை மானி ஹட்டனில் 17 காட்டினால், கொழும்பின் மத்தியானத்தில் 27 காட்டும். உடம்பு சூட்டை வெளியே தள்ள இங்கே 18 பாகை இடைவெளி, அங்கே வெறும் 8. அந்தத் தம்பி நடுச்சாமத்தில் துடைத்துத் துடைத்து ஓய்ந்ததற்குக் காரணம் இப்படிச் சுருங்கிப்போன இடைவெளிதான். ஜன்னல் இல்லாத அறையில், ஆறு பேரின் மூச்சும் வேர்வையும் சேர்ந்தால் அதுவும் குறைந்துவிடும்.

சினேகிதியின் தம்பி புத்தாண்டு கழிந்ததும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடைக்கு வேலைக்கு வருகிறான். அம்மா அவனுக்காகக் கம்பளி மடித்து வைத்திருந்தார். கம்பளி வேண்டாம் அம்மா, பருத்திச் சாரம் இரண்டு போதும் என்றேன். உடம்பு அந்தக் காற்றுக்குப் பழக ஒன்று இரண்டு கிழமை ஆகும். அந்த நாட்களில் தாகம் வரும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும், வெயிலில் மூட்டை தூக்கச் சொன்னால் தலைசுற்றுகிறது என்று கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். இதையெல்லாம் அவனை உட்காரவைத்துச் சொன்னேன்.

மாமாவின் கவலை வேறு. "படுக்கிற ரூமுக்கு சன்னல் இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லும்மா."

திரும்பி வந்ததும் போய்ப் பார்த்தேன். சன்னல் ஒன்று இருக்கிறது, எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். மேலே ஒரு ஃபேன், படுப்பவர்கள் நான்கு பேர். எதிர்ப்பக்கம் அடைத்து வைத்திருந்த கதவை இரவில் திறந்து வைத்தால் காற்று குறுக்கே ஓடும் என்று முதலாளியிடம் சொன்னேன். திறப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு அன்றிரவே போன் எடுத்துச் சொல்லிவிட்டேன்.