இன்ட்ரோவெர்ஷன்: ஒரு விளையாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில்

12 ஜனவரி 2025, ஞாயிறு

பிரிட்டனைச் சேர்ந்த இன்ட்ரோவெர்ஷன் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் கணினி விளையாட்டுகளை, வெளிவந்த வரிசையிலேயே மீண்டும் ஆடிப் பார்த்து, அதன் வரலாற்றையும் கூடவே எழுதி வைக்கத் தொடங்குகிறேன். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் படித்த கிறிஸ் டிலே, மார்க் மோரிஸ், தாமஸ் அருண்டெல் ஆகிய மூவர் 2001-இல் தொடங்கிய நிறுவனம் இது. டிலே எழுதிய ‘அப்லிங்க்’தான் அதன் முதல் சரக்கு. சிடிகளைத் தாங்களே எழுதி, உறையிலிட்டு, இணையத்தில் பணம் கட்டியவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். எண்பதுகளில் வீட்டு அறைகளில் தனியாக உட்கார்ந்து விளையாட்டுகளை எழுதிய பிரிட்டிஷ் இளைஞர்களின் கடைசி வாரிசுகள் என்று தங்களைச் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்குப் பெருமை இருந்தது.

அப்லிங்கில் நாம் கூலிக்குப் பிறர் கணினிகளுக்குள் இணையம் வழியாக ஊடுருவும் ஆள். பல கணினிகள் வழியாகச் சுற்றிவந்து இலக்கை அடைய வேண்டும். நம்மைத் தேடி வருவோர் நெருங்க நெருங்க எச்சரிக்கை ஒலி விரைவாகும். வேலை முடிந்ததும் வந்த வழியின் பதிவை அழிக்க மறந்தால் பிறகு மாட்டிக்கொள்வோம். திரையில் இருப்பவை ஓர் உலக வரைபடமும் சில சன்னல்களும் மட்டுமே. ஓவியரோ அசைவுப்படக் கலைஞரோ இல்லாத குழு, அவர்கள் தேவைப்படாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. இந்த நிறுவனத்தின் மிகக் கூர்மையான முடிவு இதுதான் என்று எனக்குப் படுகிறது.

18 ஜனவரி, சனி

‘டார்வினியா’ 2005 மார்ச்சில் வெளிவந்தது. கணினிக்குள் பரிணமித்த, தட்டையான பச்சை மனித உருவங்களைச் சிவப்பு வைரஸிடமிருந்து மீட்கும் கதை. அந்த உருவம் ஒன்று இறந்தால் அதன் ஆவி மெல்ல மேலே மிதந்து செல்கிறது. இருபது ஆண்டுகள் கழித்தும் அது கண்ணை நிறுத்துகிறது. பாராட்டு வந்த அளவுக்கு முதலில் விற்பனை வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், வால்வ் நிறுவனம் இணையத்தில் நடத்தும் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் விற்பனைக்கு வந்தபோதுதான் நிலைமை மாறியது. வால்வ் பிறருடைய விளையாட்டுகளைத் தன் கடையில் ஏற்கத் தொடங்கியிருந்த காலம் அது. அந்த வாசல் திறந்த முதல் சில மாதங்களுக்குள் நுழைந்தவர்களில் இவர்களும் இருந்தார்கள்.

2006-இல், பெரிய நிறுவனங்களைச் சாராத சிறு குழுக்களுக்கான சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசை டார்வினியா வென்றது. மேடையில், தங்கள் விளையாட்டை வெளியீட்டாளர்கள் கெடுத்துவிடக் கூடாது என்பதால் அவர்களிடம் பணம் வாங்கவில்லை என்று, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வசைச்சொல்லையும் சேர்த்து அறிவித்தார்கள். அதை வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. அப்லிங்கின் அமெரிக்கப் பதிப்பை 2003-இல் வெளியிட்ட நிறுவனம், மறு ஆண்டே கடன்காரர்களிடமிருந்து சட்டப் பாதுகாப்புத் தேடும் நிலைக்கு வந்திருந்தது. ஆனால் அந்த வீரப் பேச்சை மேற்கோள் காட்டுகிறவர்கள், அதைப் பேசும் தெம்பை ஒரு புதிய கடை கொடுத்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். தபால், ஸ்டீம் என்று வாங்குகிறவரை நேராகச் சென்றடையும் வழி கிடைத்தபோதெல்லாம் இவர்கள் பிழைத்திருக்கிறார்கள்.

19 ஜனவரி, ஞாயிறு

2006 செப்டம்பரில் வந்த ‘டெஃப்கான்’. அணுஆயுதப் போரை நீல நிற உலக வரைபடத்தில், கோடுகளாகவும் புள்ளிகளாகவும் நடத்துவது. ஊர் ஒன்று அழிந்ததும் இறந்தோர் எண்ணிக்கை சிறிய எழுத்தில் தோன்றி மறையும், அதுவே மதிப்பெண். அப்லிங்கின் சிக்கனம் இங்கும் வேலை செய்கிறது. குறைவாகக் காட்டுவதால் கொடூரம் கூடுகிறது. அலுவலகத்தில் நாள் முழுவதும் பின்னணியில் ஓடவிடுவதற்கென்றே ஒரு தனி முறையும் உண்டு. மேலாளர்கள் மன்னிப்பார்களாக.

25 ஜனவரி, சனி

இனி வருவது வறண்ட காலம். டார்வினியா உலகில் பலர் மோதி ஆடும் 2008-இன் ‘மல்டிவினியா’ எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்கு வந்த ‘டார்வினியா பிளஸ்’, நீண்ட உழைப்புக்குப் பிறகும் கைகொடுக்கவில்லை. நிறுவனம் மூடப்படும் விளிம்புக்கு வந்தது.

இதே ஆண்டுகளில் டிலே ‘சப்வெர்ஷன்’ என்ற விளையாட்டில் மூழ்கியிருந்தார். சாலைகள், மனைகள், கட்டடங்கள் என ஒரு முழு நகரத்தையே நிரல் தானாக உருவாக்கும். அதற்குள் நாம் திட்டமிட்டுத் திருட வேண்டும். அந்த நகரங்களின் படங்கள் இன்றும் அசத்துகின்றன. ஆனால் நகரம் வளர வளர, அதில் ஆடுகிறவருக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை, கடைசியில் கைவிட்டார்கள். திறமையான நிரலாளருக்கு இதைவிடப் பெரிய பொறி இல்லை: கருவி செய்வதில் கிடைக்கும் இன்பம், விளையாட்டே உருவாகிவிட்டது போன்ற மயக்கத்தைத் தந்துவிடுகிறது. 2011 நவம்பரில் விரும்பிய விலைக்கு வாங்கும் ‘ஹம்பிள்’ தொகுப்பில் தங்கள் பழைய விளையாட்டுகளோடு சப்வெர்ஷனின் நகர உருவாக்கியையும் மாதிரியாகச் சேர்த்து விற்றார்கள்.

26 ஜனவரி, ஞாயிறு

சான் பிரான்சிஸ்கோவுக்கு விடுமுறையில் போன டிலே, அல்கட்ராஸ் தீவுச் சிறையைச் சுற்றிப் பார்த்தபோது பிறந்த யோசனை, நாமே ஒரு சிறையைக் கட்டி நடத்தும் ‘பிரிசன் ஆர்க்கிடெக்ட்’. முழுமையடையாத ஆல்ஃபா நிலையிலேயே 2012 செப்டம்பரில் தங்கள் தளத்தில் விற்கத் தொடங்கினார்கள். அடிப்படை விலை 30 டாலர். கூட்டமும் கேள்வியும் குறையட்டும் என்றுதான் விலையைச் சற்று உயர்த்தி வைத்தார்கள் என்றாலும், வாங்கியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிறகு ஸ்டீமிலும் விற்றது. டிலேயும் மோரிஸும் மாதந்தோறும் காணொளியில் தோன்றி அந்த மாதம் சேர்த்ததைக் காட்டுவார்கள். முழுப் பதிப்பு 2015 அக்டோபரில் வந்தது. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதும் கிடைத்தது.

நேற்று இரவு மறுபடி ஆடினேன். கதைப் பகுதியின் முதல் பாடத்தில், எட்வர்ட் என்ற கைதிக்கு மரண தண்டனை நிறைவேற்றும் அறையை நம் கையால் கட்ட வேண்டும். மின்நாற்காலிக்கு மின்கம்பி இழுப்பதே நாம் கற்கும் தொழில்நுட்பம். அதன் பிறகு சாப்பாடு, தூக்கம், உறவினர் சந்திப்பு என்று கைதிகளின் தேவைகள் வரிசையில் நிற்கின்றன. உணவுக்கூடத்தில் திருடிய கரண்டியால் கழிப்பறைக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள். எதையும் சரியென்றும் தவறென்றும் சொல்லாமல், நம் சிக்கனத்தின் விளைவை நம்மிடமே காட்டிவிடுகிறது.

ஒரு வேடிக்கை: ஆம்புலன்ஸில் இருந்த சிவப்புச் சிலுவை ஜெனீவா ஒப்பந்தங்களால் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் எழுத, 2017-இல் அதைப் பச்சையாக மாற்றினார்கள்.

2 பிப்ரவரி, ஞாயிறு

இருண்ட குகையை லேசர் கருவியால் புள்ளி புள்ளியாக வரைந்து முன்னேறும் ‘ஸ்கேனர் சோம்பர்’ 2017-இல் வந்து, விற்பனையில் படுத்தது. அதை அவர்களே வெளிப்படையாகப் பேசினார்கள். 2010-இல் இப்படி ஒரு தோல்வி அவர்களை முடித்திருக்கும். இந்த முறை சிறை விளையாட்டின் வருமானம் தாங்கிக்கொண்டது.

2019 ஜனவரியில் பிரிசன் ஆர்க்கிடெக்டின் உரிமையை ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனத்துக்கு விற்றார்கள். வெளியீட்டாளர்களைத் திட்டியவர்கள் வெளியீட்டாளரிடமே விற்றுவிட்டார்கள் என்று கேலி செய்வது எளிது. எனக்கு அதில் முரண் தெரியவில்லை. உருவாகிக்கொண்டிருக்கும் விளையாட்டில் பிறர் கை வைப்பதைத்தான் அவர்கள் மறுத்தார்கள். இங்கே கைமாறியது, பல ஆண்டுகள் உழைத்து அவர்களே முடித்துவிட்ட ஒன்று. நிறுவனத்தை விற்கவில்லை. 2023 பிப்ரவரியில், மேலிருந்து பார்த்து அறை அறையாக விண்கலம் கட்டும் ‘தி லாஸ்ட் ஸ்டார்ஷிப்’பை, மீண்டும் முழுமையடையாத நிலையிலேயே, சொந்தப் பெயரில் விற்பனைக்கு வைத்தார்கள்.