ஃபேக்டரி அட்ரஸைக் கொடு

அமெரிக்க மாணவர்கள் ஸ்வெட்ஷாப்புகளை, அதாவது குறைந்த கூலிக்கு ஆட்களைக் கசக்கிப் பிழியும் ஃபேக்டரிகளை எதிர்த்து நடத்திய போராட்டம் என்றால், பல்கலைக்கழகத் தலைவரின் ஆபீஸுக்குள் போய் உட்கார்ந்தது, பேனர் பிடித்தது என்று படமாகத்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கென்னவோ அவர்கள் ஆரம்பத்தில் கேட்ட ஒரு சப்பையான விஷயம்தான் பெரிய வேலை என்று தோன்றுகிறது. எங்கள் காலேஜ் பெயர் போட்ட துணியை எந்த ஃபேக்டரியில் தைக்கிறீர்கள், அட்ரஸைக் கொடுங்கள், ஊருக்கே தெரிகிற மாதிரி கொடுங்கள். அவ்வளவுதான்.

ஒரு ஹூடியின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். சைஸ் இருக்கும், எப்படித் துவைக்க வேண்டும் என்று இருக்கும், நாட்டின் பெயர் இருக்கும். ஃபேக்டரி பெயர் இருக்காது. பல்கலைக்கழகம் துணி தைப்பதில்லை, தன் பெயரையும் லோகோவையும் நைக்கி மாதிரி கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்து ராயல்டி வாங்கிக்கொள்கிறது. கம்பெனியும் தைப்பதில்லை, எங்கோ மெக்ஸிகோவிலோ இந்தோனேசியாவிலோ இருக்கும் இன்னொருவருக்கு ஆர்டர் கொடுக்கிறது. அங்கே கூலி பாக்கி, அடி, வசவு என்று ஏதாவது நடந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டிவிட்டுப் போகலாம். திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

அட்ரஸ் கேட்டபோது கம்பெனிகள் சொன்ன பதில், அது வியாபார ரகசியம் என்பது. போட்டிக் கம்பெனி தெரிந்துகொள்ளுமாம்! 1998ல் யுனைடெட் ஸ்டூடண்ட்ஸ் அகெயின்ஸ்ட் ஸ்வெட்ஷாப்ஸ் என்ற அமைப்பு உருவானது. 1999 ஜனவரியில் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் தலைவரின் அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள், அதைப் பார்த்து ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின், மிச்சிகன், அரிசோனா என்று வரிசையாக உட்கார்ந்தார்கள். அந்த வருஷம் அக்டோபரில் நைக்கி, கல்லூரித் துணி தைக்கும் 41 ஃபேக்டரிகளின் பட்டியலை வெளியிட்டது. ரகசியம் வெளியே வந்து நைக்கி திவாலாகிவிடவில்லை.

சரி, அட்ரஸ் கிடைத்துவிட்டது, யார் போய்ப் பார்ப்பது? ஃபேர் லேபர் அசோசியேஷன் என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது, ஆனால் அதன் நிர்வாகத்தில் கம்பெனிகளும் உட்கார்ந்திருந்தன. மாணவர்கள் அதை ஏற்காமல் 2000ல் ஒர்க்கர் ரைட்ஸ் கன்சார்ட்டியம் என்ற தனி அமைப்பைக் கொண்டுவந்தார்கள், அதில் கம்பெனிகளுக்கு இடமில்லை. ஒரேகான் பல்கலைக்கழகம் அதில் சேர்ந்ததும் நைக்கியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஃபில் நைட், தான் படித்த அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தருவதாக இருந்த 3 கோடி டாலரை நிறுத்திவிட்டார். ஒரு விசாரணை அமைப்பு உருப்படியானதா என்று சந்தேகம் வந்தால் யாருக்குக் கோபம் வருகிறது என்று பார்த்தால் போதும் போல.

2001 ஜனவரியில் மெக்ஸிகோவின் அட்லிக்ஸ்கோவில் இருந்த குக்டாங் என்ற கொரியக்காரர் ஃபேக்டரியில், கேன்டீனில் கெட்டுப்போன சாப்பாடு போடுவதில் ஆரம்பித்த தகராறு வேலைநிறுத்தம் வரை போனது. அங்கே தைத்தது நைக்கி, ரீபோக் வழியாகப் போகும் கல்லூரி ஸ்வெட்ஷர்ட். முன்பென்றால் அந்தச் செய்தி அந்த ஊரிலேயே அமுங்கியிருக்கும். இந்த முறை அது எந்தெந்தக் கல்லூரிச் சரக்கு என்று தெரிந்திருந்தது, விசாரணைக்கு ஆள் போனது, அந்த வருஷமே சுயேச்சையான சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது.

ஆனாலும் எனக்குப் பிடித்தது ஹோண்டுராஸ் கதைதான். சோலோமா என்ற ஊரில், கல்லூரித் துணி விற்கும் ரஸ்ஸல் அத்லெடிக் கம்பெனிக்கு ஜெர்சீஸ் டி ஹோண்டுராஸ் என்ற ஃபேக்டரி. 2007ல் சங்கம் வைக்கப் போனவர்களை ரஸ்ஸல் வேலையை விட்டு எடுத்தது, கன்சார்ட்டியம் தலையிட்டதும் திரும்பச் சேர்த்தது. அப்புறம் ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மூடப்போகிறோம் என்று அறிவித்து, 2009 ஜனவரியில் மூடியும் விட்டார்கள். 1,200 பேருக்கு வேலை போனது. ஆர்டர் இல்லை, மந்தம் என்றது கம்பெனி. உலகமே மந்தத்தில் இருந்த அந்த வருஷம் யார் சொன்னாலும் நம்பக்கூடிய காரணம்தான். ஆனால் கன்சார்ட்டியத்தின் விசாரணை, சங்கத்தின் மேல் இருந்த வெறுப்பும் மூடியதற்கு முக்கியக் காரணம் என்றது.

மாணவர்கள் கையில் எடுத்தது லைசென்ஸ் கான்ட்ராக்டை. கடைக்காரரிடம் "இதை வாங்காதீங்க" என்று கெஞ்சுவது வேறு, பல்கலைக்கழகத்திடம் "நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே சங்கம் வைக்கும் உரிமை இருக்கிறதே, அதை மீறியவனிடம் ஏன் இன்னும் ராயல்டி வாங்குகிறீர்கள்" என்று கேட்பது வேறு. இரண்டாவதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், மிச்சிகன் உட்பட 90க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ரஸ்ஸலுடன் உறவை முறித்தன, அல்லது நிறுத்திவைத்தன. என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிப் போட்டி வாசலில் நின்றார்கள், ரஸ்ஸலின் தாய்க் கம்பெனியை வைத்திருக்கும் வாரன் பஃபெட்டின் வீட்டுக் கதவை ஒமாஹாவில் போய்த் தட்டினார்கள். நடுவில் ஜூன் மாதம் ஹோண்டுராஸில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது வேறு. நவம்பரில் ரஸ்ஸல் இறங்கிவந்தது. புது ஃபேக்டரி, 1,200 பேருக்கும் வேலை, தன்னுடைய மற்ற ஹோண்டுராஸ் ஃபேக்டரிகளிலும் சங்கத்தை எதிர்ப்பதில்லை என்ற உறுதி. மூடிய ஃபேக்டரி சங்கத்தோடு திரும்ப வருவது இந்தத் தொழிலில் அபூர்வம். அந்தப் பத்து மாசம் அந்தக் குடும்பங்கள் எதை வைத்து அடுப்பு மூட்டின என்பது வெற்றிச் செய்தியில் வராது.

எல்லாமே இப்படி முடியவில்லை. டொமினிகன் குடியரசில் பிஜே அண்ட் பி என்ற தொப்பி ஃபேக்டரியில் 2003ல் சங்கம் ஜெயித்தது, 2007ல் ஃபேக்டரியே இல்லை. அட்ரஸ் தெரிந்தால் விசாரிக்கப் போகலாம். ஆனால் ஆர்டரை நாளைக்கும் அதே ஃபேக்டரிக்குக் கொடு என்று கட்டாயப்படுத்த அட்ரஸ் போதாது, அதற்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்.

இதெல்லாம் எங்கோ தூரத்தில் நடந்த கதையும் இல்லை. 2021ல் திண்டுக்கல் நாச்சி அப்பேரல் என்ற துணி ஃபேக்டரியில் வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு அங்கே பெண்களுக்கு நடந்த பாலியல் தொல்லைகளை விசாரித்ததில், ஹூடிக்காக ஆரம்பித்த அதே கன்சார்ட்டியமும் இருந்தது. 2022ல் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். என்ற மூன்று துணிக் கம்பெனிகளும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தத்தில், நிர்வாகம் சொன்னபடி நடக்காவிட்டால் அது ஆர்டரைப் பாதிக்கும் என்று எழுதப்பட்டது. அந்த வரியை வாங்கியது தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம்.