லேசர் பொறியில் தனிமங்களைப் படிப்பது

உலோகத் துண்டில் என்ன தனிமங்கள் இருக்கின்றன என்று பார்க்க அமிலத்தில் கரைக்க வேண்டியதில்லை. 1064 நானோமீட்டர் லேசரில் சுமார் 50 மில்லிஜூல் துடிப்புகள் போதும். ‘டக்’கென்ற சத்தம், ஊசிமுனை அளவு வெள்ளைப் பொறி, அடியில் ஒரு சிறு குழி. அந்தப் பொறி 10,000 கெல்வினைத் தாண்டும் பிளாஸ்மா, அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்த சூடான வாயு. அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளிவிடும்; நிறமாலையில் அவை கோடுகளாகத் தெரியும்.

பொறி பிறந்ததும் வருவது வெறும் தொடர் வெளிச்சம். தனிமக் கோடுகள் அதில் மூழ்கிவிடும். அதனால் சுமார் 1 மைக்ரோநொடி கழித்தே டிடெக்டரைத் திறக்க வேண்டும். லேசரின் குவியத்தை மேற்பரப்புக்கு ஓரிரு மில்லிமீட்டர் கீழே வையுங்கள். மேலே இருந்தால் காற்றே பிளாஸ்மாவாகிவிடும். நைட்ரஜன், ஆக்சிஜன் கோடுகள்தான் மிஞ்சும்.

முதல் பத்துத் துடிப்புகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விரல் பட்ட இடத்தில் 589.0, 589.6 நானோமீட்டரில் சோடியம் பளிச்சென்று எழும். அது வியர்வை உப்பு, உலோகம் அல்ல.

எஃகில் கார்பன் அளப்பதுதான் உண்மையான சோதனை. கார்பனின் 247.9 நானோமீட்டர் கோட்டை இரும்பின் கோடுகள் மறைத்துவிடும். 193.1 கோடு தெளிவானது, ஆனால் அந்தப் புறஊதாவைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஓரளவு உறிஞ்சிவிடும். ஒளி போகும் வழியில் காற்றை நீக்கி ஆர்கான் போன்ற வாயுவை நிரப்புவது நல்லது.

ஒரே கோட்டை நம்பித் தனிமத்தின் பெயரைச் சொல்லவே கூடாது. இரண்டு மூன்றாவது பொருந்த வேண்டும். செறிவு கூடினால் வலுவான கோட்டின் உச்சி குழிந்துபோகும்: பிளாஸ்மாவின் குளிர்ந்த ஓரம் தன் ஒளியைத் தானே உறிஞ்சுகிறது. அப்போது பலவீனமான கோட்டுக்கு மாறுங்கள். கோட்டின் வலிமையிலிருந்து செறிவைக் கணக்கிட உதவும் அளவீட்டு வளைகோடும் பொருளுக்குப் பொருள் மாறும்: அலுமினியத்துக்குப் போட்டது எஃகுக்குச் செல்லாது.

1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.