சும்மா கிடக்கும் இன்ஜினுக்கு கேஸ்

ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில், சித்தப்பாவின் பழைய ஹீரோ ஹோண்டா சிடி 100 வண்டியின் இன்ஜின் இப்போது சொட்டுநீர் பம்பை ஓட்டுகிறது. வண்டியின் சட்டமும் டேங்கும் எப்போதோ துருப்பிடித்துப் போய்விட்டன. இன்ஜின் மட்டும் நன்றாக இருந்தது. 97.2 சிசி, போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 50 மில்லிமீட்டர். அதை ஒரு இரும்பு ஸ்டாண்டில் போல்ட் போட்டு நிறுத்தி, செயின் வழியாக ஒரு ஷாஃப்ட், அதிலிருந்து பெல்ட் வழியாக பம்ப் என்று கோத்திருக்கிறேன். எரிபொருள் எல்பிஜி, அடுப்பில் எரிக்கிற அதே கேஸ்.

பெட்ரோலிலேயே ஓட்டியிருக்கலாமே என்று தோப்புக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். இந்த இன்ஜினுக்கு வேலை கரண்ட் போகிற நாளில் மட்டும்தான். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். அப்படிக் கிடக்கிற இன்ஜினுக்கு பெட்ரோல்தான் எதிரி. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் தேங்கியது மெல்ல ஆவியாகி, மிச்சம் பிசினாகப் படிந்து ஜெட் என்கிற நுண்துளையை அடைத்துவிடும். இப்போது பங்க்கில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், டேங்கில் துரு ஏறும். கேஸுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சிலிண்டரில் எத்தனை மாதம் இருந்தாலும் அதே கேஸ்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுங்கிக் கிடக்கிற இன்ஜினுக்கு கேஸ்தான் சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்ஜினுக்குள் நான் எதையும் மாற்றவில்லை. பிஸ்டன், வால்வு, கேம் எல்லாம் அப்படியே. எல்பிஜியில் இருக்கும் புரோப்பேனின் ஆக்டேன் எண், அதாவது கலவை தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவதை (நாக்கிங்) தாங்கும் திறன், பெட்ரோலைவிட நன்றாகவே அதிகம். நம் ஊர் எல்பிஜியில் பியூட்டேனும் கலந்திருப்பதால் அது கொஞ்சம் இறங்கும், ஆனாலும் இந்த இன்ஜினில் நாக்கிங் வராது. மாறுவதெல்லாம் எரிபொருள் உள்ளே வருகிற வழிதான்.

கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருந்த மிதவையையும் ஜெட்டுகளையும் கழற்றிவிட்டு, பெட்ரோல் வழிகளை அடைத்தேன். திராட்டில் ஸ்லைடு மட்டும் காற்றைத் திறந்து மூட அங்கேயே இருக்கிறது. அதற்கும் ஏர் ஃபில்டருக்கும் நடுவில் ஒரு அலுமினிய வளையம். உள்ளே இடுப்பு சிறுத்து விரியும் துளை, அந்த ஒடுங்கிய இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் கடைந்து கொடுத்தார். "பெட்ரோல் போட்டா ஓடற இன்ஜினுக்கு இது எதுக்குங்க தம்பி?" என்று கேட்டுக்கொண்டேதான் கடைந்தார். காற்று ஒடுங்கிய இடத்தில் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவு ஓட்டைகள் வழியாக கேஸை இழுக்கிறது. கன அளவில் புரோப்பேன் ஒரு பங்குக்குக் காற்று ஏறத்தாழ 24 பங்கு வேண்டும். அந்த அளவை வைக்க குழாயில் ஒரு திருகு இருக்கிறது. லோடு கொடுத்து, சத்தத்தைக் கேட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்து வைத்ததுதான்.

இத்தனையிலும் உயிரான பாகம் ஜீரோ கவர்னர். ஜெனரேட்டருக்கு விற்கிற கேஸ் கிட்டில் இது கிடைக்கும். உள்ளே ஒரு ரப்பர் டயாப்ரம். இன்ஜின் இழுத்தால்தான் அது அசைந்து வால்வைத் திறக்கும். இன்ஜின் நின்றால் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும், யாரும் கைவைக்க வேண்டாம். அடுப்பு ரெகுலேட்டர் அப்படி இல்லை. அது 30 மில்லிபார் அழுத்தத்தில் கேஸைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த டியூபை நேராக கார்புரேட்டரில் சொருகி வண்டி ஓட்டிக்காட்டும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. இன்ஜின் தானாக நின்றுபோனால் கேஸ் நிற்காது. அது காற்றைவிடக் கனமானது, புரோப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தங்கும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கவர்னரின் விலை ஒரு நல்ல ஹெல்மெட்டின் விலைகூட இல்லை.

ஒரு விஷயத்துக்கு மட்டும் தனியாகக் கவனம் வேண்டும். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இந்த வகை மேக்னெட்டோ, கிராங்க் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி கொடுக்கும். நாலு ஸ்ட்ரோக்குக்குத் தேவை இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். உபரிப் பொறி விழுவது புகை வெளியேறி முடிகிற நேரத்தில், இன்லெட் வால்வு லேசாகத் திறக்கத் தொடங்கும் இடத்தில். கலவையில் கேஸ் குறைவாக இருந்தால் அது மெதுவாக எரியும். எரிந்து முடியாத நெருப்பு அப்போதும் உள்ளே இருந்தால் ஃபில்டர் பக்கம் "டப்" என்று திருப்பியடிக்கும். அதனால் கலவையில் கேஸைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்கிறேன். பிளக் இடைவெளியையும் சற்றுக் குறைத்தேன், கேஸ் கலவையில் பொறி தாண்டுவதற்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும்.

சிலிண்டர் உறைந்து போகாதா என்று பக்கத்துத் தோப்புக்காரர் கேட்டார். நல்ல கேள்வி. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், ஒரு கிலோவுக்குச் சுமார் 350 கிலோஜூல். இந்த இன்ஜின் மணிக்கு முக்கால் கிலோ கேஸ் குடிக்கும். கணக்குப் போட்டால் 70 வாட்டுக்குச் சற்று மேல்தான் வருகிறது. நம் வெயிலில் சிலிண்டரின் இரும்பு சுற்றியுள்ள காற்றிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும், மேலே கொஞ்சம் வியர்ப்பதோடு சரி. கார் இன்ஜினுக்கு இதைப்போல் பல மடங்கு வேண்டும், அதனால்தான் அங்கே ரேடியேட்டர் வெந்நீரில் சூடாகும் வேப்பரைசர் வைக்கிறார்கள். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று 25 மணி நேரம் தாங்கும். எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்தால் ஆவிக்குப் பதில் திரவம் வந்துவிடும்.

உண்மையில் சூடுதான் பெரிய வேலை வைத்தது. வண்டியில் எதிர்க்காற்று இன்ஜினைக் குளிர்விக்கும், ஸ்டாண்டில் நிற்கும் இன்ஜினுக்கு அது இல்லை. பெட்ரோல் உள்ளே ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கும் உதவியும் கேஸில் கிடையாது. ஷாஃப்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட் எடுத்து ஒரு ஃபேன் மாட்டி, தகர டக்ட் வைத்து காற்றை ஹெட்டின் மீது பாய்ச்சுகிறேன்.

சிலிண்டர் ஷெட்டுக்கு வெளியே, நிழலில். ஷெட் சுவரில் தரையை ஒட்டியே ஓட்டைச் செங்கல் வைத்துக் கட்டியிருக்கிறேன், பக்கத்தில் பள்ளமோ சாக்கடையோ இல்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் சோப்பு நுரை வைத்துப் பார்க்காமல் கிக் செய்வதில்லை.

ரோட்டில் ஓடுகிற பைக்கில் இதைச் செய்யலாமா என்று கேட்டால், வீட்டில் வைத்துச் செய்யாதீர்கள் என்பேன். வாகனத்தில் எல்பிஜி 2000-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் சட்டப்படி ஆனது. அங்கீகரித்த கிட், 80 சதவீதத்தில் நிரப்புவதை நிறுத்தும் வால்வு உள்ள டேங்க், ஆர்.சி.யில் பதிவு எல்லாம் வேண்டும். சமையல் சிலிண்டருக்கு அங்கே இடமே இல்லை. கேஸில் ஓடும் பைக்தான் ஆசை என்றால், பஜாஜ் 2024-இல் கொண்டுவந்த ஃப்ரீடம் 125 சிஎன்ஜியில் ஓடுகிறது, போய்ப் பாருங்கள்.

சக்தி பெட்ரோலைவிடக் கொஞ்சம் குறைவுதான், பம்புக்கு அது போதும். ஆயில் நிறம் மாறவே ரொம்ப நாள் ஆகிறது. கேஸ் உலர்ந்த எரிபொருள் என்பதால் வால்வு உட்காரும் இடம் தேயலாம், வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளியை அடிக்கடி பார்க்கிறேன். பொறி விழும் நேரத்தில் (டைமிங்) இதுவரை கைவைக்கவில்லை, போர் சின்னது, நெருப்பு போக வேண்டிய தூரமும் குறைவு. இந்தக் கோடையில் அதைச் சில டிகிரி முன்னால் தள்ளி, அதே திராட்டிலில் சொட்டுநீர் லைனின் அழுத்தம் காட்டும் கேஜ் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கப் போகிறேன்.